மரத்தரை: ஓக்கா தேக்கா, சாலிடா எஞ்சினியர்டா? கொஞ்சம் தெளிய வையுங்கள்

புதுத்தரை:
கீழ்த்தளத்து ஹால், 6 மீட்டருக்கு 4.5 மீட்டர். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு 60 மில்லிமீட்டர் கனத்தில் புதிதாக சிமெண்ட் தளம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. மரத்தரைதான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எந்த மரம் என்பதில்தான் தினமும் சண்டை. எனக்கு ஓக் மரத்தில் மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்துப் போடுவார்களே, அந்த ஹெர்ரிங்போன் வேண்டும். மனைவிக்குத் தேக்கில் அகலமான நீளப் பலகை. சாலிட் என்றால் முழுக்க ஒரே மரம், எஞ்சினியர்டு என்றால் மேலே மட்டும் அந்த மரம், அடியில் வேறு அடுக்கு, இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒருவர் "எஞ்சினியர்டுன்னா வெறும் பிளைவுட், ஏமாந்துடாதீங்க" என்கிறார். அடுத்த கடையில் "சாலிட் போட்டா ஒரே வருஷத்துல படகு மாதிரி வளைஞ்சுடும்" என்கிறார். கூடவே 30 கிலோவில் ஒரு நாய், நகத்தோடு. தரை போடுகிறவர் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்துவிட்டார். பட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

இழைப்புளி:
முதலில் அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். எந்த மரம் என்பதை அப்புறம் பேசுவோம்.

இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் என் வேலை. தரை கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில், மரம் மட்டமாக இருந்து கெட்டது ரொம்பக் குறைவு. முக்கால்வாசி கீழிருந்து ஏறிய ஈரம். சிமெண்ட் தளம் மேலே வெளுத்து, தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: முதல் 50 மில்லிமீட்டர் வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள், அதைத் தாண்டிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு நாள். உங்கள் 60க்கு 70 நாள் வருகிறது, அதுவும் காற்றோட்டம் நன்றாக இருந்தால். நீங்கள் இப்போது பாதி வழியில் நிற்கிறீர்கள்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அரை மீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட், நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் தளத்தோடு ஒட்டி, வெயில் விழாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் தளம் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது, பேச்சே வேண்டாம். முத்து இல்லையென்றால் காய்ந்துவிட்டது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தச் சோதனை கெட்ட செய்தியைத்தான் நம்பும்படி சொல்லும், நல்ல செய்திக்குக் கருவி வைத்துப் பார்க்கணும்.

கீழ்த்தளம் என்கிறீர்கள். சிமெண்ட் போடும் முன் அடியில் ஈரம் தடுக்கும் ஷீட் விரித்தார்களா?

மூன்றாம்படி:
இழைப்புளி அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். நான் கேட்காமல் போன கதை இது.

20 மில்லிமீட்டர் சாலிட் ஓக், 140 அகலம். தளம் போட்டு நாலாவது வாரமே ஒட்டிவிட்டார்கள். வேலை எடுத்தவரைக் கேட்டதற்குக் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு "நல்லா காய்ஞ்சிருக்கு" என்றார், நானும் தலையாட்டினேன். இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் காலையில் சாக்ஸோடு நடக்கும்போது பாதத்துக்கு அடியில் வரிவரியாகத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடு குழிந்து நிற்கிறது. அடிஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் ஒரு நாணயம் நுழைந்தது. பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிந்திருக்கிறது, மேல்பக்கம் காய்ந்தே இருக்கிறது, அதனால் அந்த வளைவு.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே ஆள் மெஷினைக் கொண்டுவந்து தூக்கிய ஓரத்தையெல்லாம் தேய்த்துச் சமப்படுத்தி மேலே பாலிஷும் போட்டுக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறேழு மாசத்தில் கீழே இருந்த ஈரம் ஒருவழியாகப் போனதும் பலகை தன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஓரத்தைத்தான் ஏற்கெனவே தேய்த்துவிட்டோமே, இப்போது நடு மேடு, ஓரம் பள்ளம். சும்மா விட்டிருந்தால் பாதியாவது தானாகப் படிந்திருக்கும் என்று பின்னால் வந்து பார்த்தவர் சொன்னார்.

சந்தேகப்பிராணி:
இவ்வளவு பாடு எதற்கு? மரம் மாதிரியே அச்சடித்த டைல்ஸ் வருகிறது, எஸ்பிசி வினைல் என்று கல்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை வருகிறது. தண்ணீர் கொட்டினாலும் கவலை இல்லை. நாய் வேறு இருக்கிறது. மரத்தரை என்பது பார்க்கிறவனுக்கு அழகு, வைத்திருக்கிறவனுக்கு வேலை.

பழம்பெட்டி:
சந்தேகப்பிராணி சொல்வதற்கு நேர் எதிராக ஒரு சங்கதி. பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் முதலில் பளிங்குத் தரைதான். அதை அடிக்கடி கழுவிவிட, தண்ணீர் இறங்கி அடியில் தாங்கி நின்ற மர உத்திரங்கள் உளுத்துப்போக ஆரம்பித்தன. அதனால்தான் 1684இல் கல்லை எடுத்துவிட்டு மரத்துண்டுகளைக் கோலமாகச் சேர்த்துப் போடும் பார்க்கெட் தரை போட்டார்கள். இன்றைக்கும் சதுரச் சட்டத்துக்குள் குறுக்குப் பின்னலாகப் போடும் அந்த வகைக்கு வெர்சாய் பார்க்கெட் என்றே பேர். கல்லைக் கழுவிய தண்ணீரால் தரைக்கு அடியில் இருந்த மரம் கெட்டது, கவனியுங்கள். ஈரத்துக்குப் போக வழி இல்லாத இடத்தில்தான் வினையே.

சந்தேகப்பிராணி:
அரண்மனையில் தரையைப் பார்க்கவென்றே ஆள் இருந்திருப்பார்கள். இங்கே நான்தான் துடைக்கணும்.

கணக்குப்பிள்ளை:
ஓக், தேக்கு சண்டைக்கு என்னால் முடிந்த உதவி. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலத்தில்தான் விரியும், சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் ஏறக்குறைய 6 சதவீதம் ஈரம் தங்கும், 50இல் நின்றால் சுமார் 9, 80இல் சுமார் 16. அடைமழை மாசத்துக்கும் வறண்ட மாசத்துக்கும் நடுவே வீட்டுக்குள் மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுவதாக வைத்துக்கொள்வோம், பல இடங்களில் இது சாதாரணம்.

150 மில்லிமீட்டர் அகலச் செவ்வோக் (ரெட் ஓக்) பலகை, வழக்கமாக அறுப்பதுபோல் தட்டையாக அறுத்தது: ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர் அசையும். அதே மரத்தை வளையங்கள் பலகையின் முனையில் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருந்தால் 1 மில்லிமீட்டருக்குள். தேக்கு தட்டையாக அறுத்தாலும் 1.1தான். அதாவது தேக்கு ஓக்கில் பாதி அளவுதான் ஆடும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம்.

இப்போது 4.5 மீட்டர் அகலத்துக்கு முப்பது பலகை என்றால் செவ்வோக்கில் மொத்தம் 66 மில்லிமீட்டர். பசையும் ஆணியும் பிடித்து வைப்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. ஆனால் அந்த விசை எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? சுவரை முட்டும், இல்லையென்றால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும்.

புதுத்தரை:
கணக்குப்பிள்ளை சார், உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நியாயம்" என்கிற இடத்தில் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

இழைப்புளி அண்ணே, ஷீட் விரித்தது உண்மைதான், சிமெண்ட் போட்டவரிடம் கேட்டு அன்றைக்கு எடுத்த படத்தையும் பார்த்தேன். பிளாஸ்டிக் சோதனைதான் வயிற்றைக் கலக்கிவிட்டது. நேற்று சாயங்காலம் ஒட்டினேன், இன்று சாயங்காலம் பிரித்தேன். டேப்பை உரிக்கும்போதே உள்பக்கம் பனி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. ஷீட்டைத் தூக்கினால் முத்து முத்தாக ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்துக்கு வழிந்தது. கீழே கன்னங்கரேலென்று ஒரு சதுரம். மேலே வெள்ளை வெளேர் என்று காய்ந்து கிடந்த தளம்! தரை போடுகிறவருக்குப் படம் அனுப்பினேன், "அதெல்லாம் எல்லா வீட்லயும் வரும் சார்" என்று பதில் வந்தது.

இழைப்புளி:
வரும், அதனால்தான் எல்லா வீட்டிலும் காத்திருக்கிறோம்.

காற்றின் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் பெட்டியைத் தளத்தின் மேல் காற்றுப் புகாமல் கவிழ்த்து வைத்துப் படிப்பது ஒரு முறை, அதில் 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மரம் போடலாம். இன்னொன்று கார்பைடு முறை. தளத்திலிருந்து கொஞ்சம் உடைத்து எடுத்துப் பொடியாக்கி, கார்பைடோடு இரும்புக் குப்பிக்குள் போட்டுக் குலுக்குவார்கள், ஈரத்துக்கு ஏற்ப உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரண சிமெண்ட் தளத்துக்கு 2 சதவீதம்தான் எல்லை, தரைக்கு அடியில் சூடாக்கும் குழாய் ஓடினால் 1.8. எந்த முறையில் பார்த்தாலும் நம்பரை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

இப்போது சாலிடா எஞ்சினியர்டா. "வெறும் பிளைவுட்" என்று சொன்னவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். அடியில் பிளைவுட்தான், அல்லது குறுக்கே அடுக்கிய பைன் துண்டுகள். ஒரு அடுக்கின் இழை ஒரு பக்கம் போனால் அடுத்தது அதற்குக் குறுக்கே போவதால், மேலே இருக்கும் ஓக் விரியப் பார்க்கும்போது கீழே இருப்பது பிடித்து நிறுத்தும். கணக்குப்பிள்ளை போட்ட 66 மில்லிமீட்டரைச் சமாளிக்கத்தான் அந்தப் பிளைவுட். சிமெண்ட் தளத்தில், அதுவும் கீழ்த்தளத்தில், என் வீடாக இருந்தால் எஞ்சினியர்டுதான் போடுவேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது மேல் மரத்தின் கனம். மொத்தம் 14, 15 மில்லிமீட்டர் என்று எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி போட்டிருக்கும். மேல் அடுக்கு 0.6 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 4ஆகவும் இருக்கலாம், சிலதில் 6 வரை உண்டு. ஒரு தடவை முழுசாகத் தேய்த்தால் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்று வரை போகும். 0.6 என்றால் தேய்க்கவே முடியாது, தேய்ந்த அன்றைக்குத் தூக்கிப் போட வேண்டியதுதான். 4 என்றால் இரண்டு மூன்று தடவை புதுசாக்கலாம். கடையில் ஒரு துண்டு வாங்கி முனையைப் பக்கவாட்டில் பாருங்கள், அடுக்கு தெளிவாகத் தெரியும். துண்டு தரமாட்டேன் என்றால் அடுத்த கடை.

லேமினேட்டில் மேலே மரமே கிடையாது. அழுத்திய மரத்தூள் பலகை மேல் மரப் படம் அச்சடித்த காகிதம், அதன் மேல் மெலமைன் படலம். ஏசி3, ஏசி4 என்று அதில் போட்டிருப்பது தேய்மானம் தாங்கும் தரம். கெட்டது என்று சொல்லமாட்டேன், கீறல் தாங்குவதில் மரத்தைவிட மேல். ஆனால் மூட்டில் தண்ணீர் புகுந்து ஒரு தடவை உப்பினால் அவ்வளவுதான், தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

நாய்க்காரி:
எங்கள் வீட்டில் இரண்டு நாய், தரை ஓக், ஆறு வருஷமாச்சு. கடையில் ஜான்கா எண்ணைக் காட்டி "இந்த மரம்தான் கெட்டி" என்று விற்பார்கள். 11.28 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை அதன் விட்டத்தில் பாதி ஆழம் மரத்துக்குள் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். வெள்ளோக் (வொயிட் ஓக்) 1360 பவுண்டு, கடின மேப்பிள் 1450, தேக்கு ஆயிரத்துச் சொச்சம். கனமான பாத்திரம் விழுந்தால் குழி விழுமா என்று அது சொல்லும். நாய் நகம் கீறுவது மேலே இருக்கிற பூச்சை, மரத்தை இல்லை. பளபளவென்று லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு அடித்த மேப்பிளில் ஒவ்வொரு கோடும் வெள்ளையாகத் தெரியும். பிரஷ் போட்டு இழையை எழுப்பி, மங்கலாக எண்ணெய் பூசிய ஓக்கில் அதே கீறல் இழையோடு இழையாக மறைந்துவிடும். எங்கள் நாய்கள் வாசல் மணி அடித்தால் திரும்பி ஓடும் மூலை ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும் வருஷம் ஒரு தடவை எண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன், அரை மணி நேர வேலை. லாக்கராக இருந்தால் ஒரு இடத்தை மட்டும் திருத்தினால் திட்டாகத் தெரியும், ஹால் முழுக்க அடித்தாக வேண்டும்.

ஈரக்கை:
நாய்க்காரி சொன்ன எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் மாதிரி காயும் எண்ணெய் கலந்த பூச்சைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள். என் மாமா பட்டறையில் இரவு வாளியிலிருந்து புகை வந்ததைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நெருப்பே இல்லை.

துடைப்பதற்கு நன்றாகப் பிழிந்த துணி போதும். நீராவி மாப் வேண்டவே வேண்டாம்.

மேல்மாடி:
மாடியில் இருப்பவர்களுக்காக ஒரு வரி. மிதக்கும் தரை, அதாவது தளத்தில் ஒட்டாமல் பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் கோத்துப் போடுவது, அதைப் போட்டால் அடியில் 2, 3 மில்லிமீட்டர் விரிப்பு ஒன்றுதான். மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டாக விரித்தேன், நடக்கும்போது பலகை அமுங்கி அமுங்கிக் கிளிக் மூட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

புதுத்தரை:
ஒரு மாசம் காணாமல் போனதற்கு மன்னிக்கணும். ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். முதல் தடவை பெட்டி வைத்தபோது 88. மூன்று வாரம் கழித்து 79. போன வாரம் 73, சீட்டு கையில் இருக்கிறது. பழைய ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார், இப்போது வருகிறவர் முதல் நாளே இரண்டு மீட்டர் மட்டப்பலகையோடு வந்தார், 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்த நாலு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு "இதைச் சரி பண்ணிட்டுத்தான் பசை" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

முடிவு: ஹாலுக்கு எஞ்சினியர்டு ஓக், 4 மில்லிமீட்டர் மேல் மரம், 90 அகல ஹெர்ரிங்போன், முழுக்கப் பசை, எண்ணெய்ப்பூச்சு. மாடிப் படுக்கையறைக்குத் தேக்கு நீளப் பலகை. போடும்போது நான் எதைக் கவனிக்கணும்?

இழைப்புளி:
சேதாரத்துக்கு நேர்ப் பலகை என்றால் 5லிருந்து 7 சதவீதம் கூட வாங்கினால் போதும், ஹெர்ரிங்போனுக்கு 10லிருந்து 15. சுவரோரம் எல்லாம் சாய்வாக வெட்டி வெட்டித் துண்டு விழும். நாலு பலகை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷம் கழித்து அதே நிறம் கிடைக்காது.

ஹெர்ரிங்போனைச் சுவரிலிருந்து ஆரம்பிக்க விடாதீர்கள். எந்தச் சுவரும் நேராக இருக்காது. ஹாலின் நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டு அங்கிருந்துதான் வரணும், முதல் பத்துப் பன்னிரண்டு பலகை இம்மி பிசகினால் ஆறு மீட்டர் தள்ளி விரற்கடை விலகி நிற்கும். முதல் நாள் அவர் மெதுவாகப் போகிறார் என்று அவசரப்படுத்தாதீர்கள், அன்றைக்குத்தான் வேலையே. பெட்டிகளை நாலைந்தாகப் பிரித்துக் கலந்து எடுக்கச் சொல்லுங்கள், ஒரே பெட்டியாகப் போனால் நிறம் திட்டுத் திட்டாக விழும்.

கதவு நிலைக்குப் பலகையை வளைத்து வெட்டுகிறவரா, நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே சொருகுகிறவரா என்று பாருங்கள். ஒரு பலகைத் துண்டைத் தரையில் வைத்து, அதன் மேல் ரம்பத்தைப் படுக்கவைத்து நிலையை அறுத்தால் அச்சாக அதே உயரம் வரும். நல்ல ஆளை இதில் கண்டுபிடிக்கலாம்.

சுவரோரம் சுற்றி 10லிருந்து 12 மில்லிமீட்டர் இடைவெளி. அதைச் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்கணும், தரையில் இல்லை. இடைவெளியில் குப்பை, சிமெண்ட், எதுவும் நிற்கக்கூடாது.

மாடியில் தேக்கை ஒட்டும் முன் பலகையின் அடியைத் தின்னரால் துடைக்கச் சொல்லுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, சில பசை அதில் சரியாகப் பிடிக்காது.

புதுத்தரை:
தரை போட்டு எட்டு வாரம். படம் அப்புறம் போடுகிறேன், ஹால் ஆளே மாறிவிட்டது. இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, வேலை முடிந்த பிறகு சுவர்ப் பூச்சுக்காரர் வந்து ஜன்னல் பக்கத்து இடைவெளியில் கலவையைத் தள்ளி மூடியிருந்தார், "ஓட்டை இருந்துச்சு, அடைச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்து நானே மூன்று மீட்டர் நீளத்துக்குக் கிளறி எடுத்தேன், முட்டி இன்னும் வலிக்கிறது.

இரண்டு, சோபாவுக்கு முன்னால் ஒரு இடத்தில் விரலால் தட்டினால் மற்ற இடம் மாதிரி டொக் டொக் என்று வராமல் டப் டப் என்று பொள்ளலாகக் கேட்கிறது. இரண்டு பலகை அகலம் இருக்கும். மிதித்தால் அசைவு இல்லை. பிரிக்கணுமா?

இழைப்புளி:
அசையவில்லையென்றால் விடுங்கள். அடியில் கொஞ்சம் பசை படாமல் போயிருக்கும். சுற்றிப் பென்சிலால் லேசாகக் குறித்து வைத்து இரண்டு மாசம் கழித்துத் தட்டிப் பாருங்கள். பெரிதாகியிருந்தாலோ, கிறீச் என்று சத்தம் வந்தாலோ போட்டவரைக் கூப்பிடுங்கள், மூட்டில் சின்னத் துளை போட்டு ஊசி வழியாகப் பசை ஏற்றி மேலே ஒரு நாள் கனம் வைப்பார். பலகையைப் பிரிக்கத் தேவையில்லை.

நாய் என்ன சொல்கிறது?

புதுத்தரை:
அந்தப் பொள்ளல் இடத்தில்தான் படுக்கிறது. கனம் வைக்க ஆள் ஏற்கெனவே இருக்கிறது அண்ணே.